ஒன்பதாவது கேள்வியும் சீனியில்லாத தேத்தண்ணியும்

குரல் தேர்வு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். போன கிழமை உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, அடுத்த பாட்டுப் போட்டிக்கான விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்து, "ஆன்ரி, இதில பிழை ஏதும் இருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நல்ல மினுங்கல் தாள், நிகழ்ச்சியின் படம், ஒழுங்கான கட்டங்கள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. "உங்களைக் கண்ணீர்விட வைத்த சம்பவத்தை விரிவாக எழுதுக" என்று போட்டிருந்தீர்கள். நான் நினைத்தேன், அந்தக் கேள்வியை நாங்கள் எரித்து முடித்துவிட்டோம் என்று. அது எங்கேயோ பத்திரமாக இருந்து திரும்பி வந்திருக்கிறது.

வந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் எழும்பிவிட்டது. "இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம். நான் எழுதித் தாறன்" என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியில் முடிகிற விஷயமாக அது இருக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். நான் திருகோணமலைக்காரி. கொழும்பில் ஒரு தனியார் தமிழ்த் தொலைக்காட்சியில் பதினாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, சிரிக்க வைக்கும் போட்டி என்று எது வந்தாலும் ஊர் ஊராகப் போய் முதல் கதவில் நின்று ஆள் எடுப்பதுதான் என் வேலை. திரையில் பளபளப்பாக உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் எல்லாம் ஐந்தாவது ஆறாவது கதவில் இருப்பவர்கள். அவர்கள் முன்னால் வருகிற பிள்ளை ஏற்கெனவே என்னைத் தாண்டி வந்திருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையால் கொழும்புக்குப் போன ஒருவர்கூட வெற்றிக்கிண்ணம் தூக்கவில்லை. ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்ட ஒருவர் இதை மேடையிலேயே பகிடியாகச் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குப் பெருமைப்பட வேறொரு காரியம் இருக்கிறது. அதை அந்த மேடையில் சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது சொல்லலாம். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் ஓம் என்ற பிறகு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

போர் நிறுத்தம் பெயருக்கு மட்டும் இருந்த காலம் அது. பிறகு பெயருக்கும் இல்லாமல் போனது. அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்குப் பாட்டுப் போட்டி ஆசை வந்தது. சனம் எஸ்.எம்.எஸ். அனுப்பி வாக்குப் போடும் போட்டி. எல்லா மாவட்டத்திலும் ஆள் எடுக்கவேண்டும் என்றார்கள். திருகோணமலைக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. "அது என்ர ஊர், நான் போறன்" என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, வாயும் கொஞ்சம் அதிகம். என்னோடு நிசாம் வந்தார். கமராவும் அவர்தான், வான் ஓட்டுவதும் அவர்தான். மூதூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எது நடந்தாலும் பதறாத மனுஷன்.

உட்துறைமுகப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்தை ஒருநாளைக்கு எடுத்திருந்தோம். பத்து மணிக்குத் தொடக்கம் என்று அறிவித்திருந்தோம், ஏழரைக்கே வரிசை நின்றது. நிலாவெளி, சல்லி, உப்புவெளி, டவுன் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இரண்டு சோதனைச் சாவடி தாண்டி, அடையாள அட்டையை நீட்டி நீட்டி வந்த பிள்ளைகள் தலையில் பூவும் முகத்தில் பவுடருமாக நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்கள்கூட இவ்வளவு சனத்தைக் கண்டு மற்றப் பக்கத்தால் போயின. மொத்தம் எழுபத்து மூன்று பேர். அதில் ஏழு பேரை நான் எடுக்கலாம்.

ஒருவருக்கு நாற்பது வினாடி. அதற்குள் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு தொல்லை இருந்தது. துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாது என்று கடற்படையினர் நேரத்துக்கு நேரம் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். மண்டபத்துக் கண்ணாடி யன்னல் எல்லாம் ஒருமுறை நடுங்கும். கொழும்பிலேயே கிடந்து பழகிப்போன நான் முதல் வெடிக்குக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். பாடிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்து, "அது தண்ணிக்குள்ள மிஸ், நீங்கள் இருங்கோ" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். என் ஊரில் எனக்கே ஒருவன் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். கொழும்பில் எங்கள் தயாரிப்பாளர் தயாரித்தது. இரண்டு தாள், மூலையில் ஸ்டேப்ளரால் கம்பி அடித்தது. முதல் தாளில் பெயர், விலாசம், வயது, பாடப்போகும் பாட்டு என்று எட்டுக் கேள்வி. இரண்டாவது தாள் முழுக்க ஒரே கேள்வி, ஒன்பதாவது. "உங்கள் வாழ்வில் மறக்க முடியாத துயரச் சம்பவம் எது? பெயர், இடம், நாள் ஆகிய விபரங்களுடன் எழுதுக." அதற்குக் கீழே, பொய்த் தகவல் தந்தால் போட்டியிலிருந்து நீக்கப்படுவீர்கள் என்று ஒரு மிரட்டல். அதற்கும் கீழே கையெழுத்து. வரும்போது தயாரிப்பாளர் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். "அக்கா, சனம் குரலுக்கு மட்டும் எஸ்.எம்.எஸ். போடாது. கதை நல்லாயிருக்கிற ஃபோமுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டு வாங்கோ."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எந்த ஊரில், எந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று அந்த ஊரில் பிறந்த எனக்கே உறைக்கவில்லை.

பதினொரு மணியிருக்கும், சல்லியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வதனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை. தாய் மங்களம் அக்கா கூட வந்திருந்தா. கடற்கரையில் மீன் வாங்கி விற்கிற மனுஷி, ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவ. மகள் வரிசையில் நிற்க, தாய் மண்டபத்துக் குசினிக்குள் புகுந்து வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி வைக்கத் தொடங்கிவிட்டா. ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

வதனி தந்த படிவத்தைப் புரட்டினேன். ஒன்பதாவது கேள்விக்கு, "ஒன்றுமில்லை" என்று ஒரு சொல்.

"என்ன பிள்ளை இது? ஒண்டுமில்லையோ?"

"ஓம் மிஸ். ஒண்டுமில்லை."

"சும்மா கதை சொல்லாதையும். இந்த ஊரில ஒண்டுமில்லாத வீடு எங்க இருக்கு? இதை நிரப்பாட்டி கொழும்பில உம்மட குரலைக் கேக்கவே மாட்டினம். உண்மையை எழுதும். பொய் எழுதினா எடுத்துப்போடுவினம், பாரும், கீழ போட்டிருக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கனநேரம் எழுதினாள். திரும்பி வந்து தந்தபோது அவளுடைய விரல் முழுக்க மை. நான் வாசிக்கவில்லை. நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றேன். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழை அந்த இரண்டு சொல்தான்.

அவள் பாடினாள். ஒரு பழைய படப்பாட்டு. தொடங்கி நாலாவது வரியில், சுரம் மேலே ஏறுகிற இடத்தில், வெளியே பெரிய வெடி ஒன்று வெடித்தது. யன்னல் அதிர்ந்தது, என் பேனை உருண்டு விழுந்தது. வதனி கண் இமைக்கவில்லை. அந்தச் சத்தம் அடங்கும்வரை அதே சுரத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிறகு மெல்ல இறங்கினாள். நிசாம் கமராவிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். நான் நாற்பது வினாடியை மறந்து பாட்டு முழுவதையும் கேட்டேன். கொழும்பில் கண்ணாடி அறைக்குள் சங்கீதம் படித்த பிள்ளைகள் ஆயிரம் பேர் வரட்டும், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. இவள் என் ஊர்க்காரி என்று எனக்குள் ஒரு திமிரே வந்தது.

இரண்டு மணிக்குப் பாட்டெல்லாம் முடிந்தது. ஏழு பேரின் பெயரை வாசித்தேன், வதனிதான் முதலாவது. விடுபட்டவர்கள் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள், எடுபட்டவர்கள் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள். வதனியும் தாயும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் போடுவதற்காக நான் படிவங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒன்பதாவது கேள்வியை வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது படிவத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். தமையனை யார் பிடித்துக்கொண்டு போனார்கள், எந்தச் சந்தியில், அவர்களில் எவரை அடையாளம் தெரியும் என்று ஒருவன் விபரமாக எழுதியிருந்தான். அடுத்தவள் எழுதியிருந்தது மற்றப் பக்கத்தாரைப் பற்றி. யாருக்கு யார் சோறு கொடுத்தார்கள், யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள், யார் எங்கே போய்விட்டார்கள். பெயர், இடம், நாள் கேட்டோம் அல்லவா, பிள்ளைகள் ஒழுங்காகத் தந்திருந்தார்கள். ஊர் முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் நான் ஒரே நாளில் கையெழுத்தோடு வாங்கி அடுக்கி வைத்திருந்தேன்.

வதனியின் தாளைக் கடைசியாக எடுத்தேன். அவளுக்கு ஒரு தமையன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, தோணி மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்தது என்பதுதான் ஊருக்குத் தெரிந்தது. அவள் எழுதியிருந்தது வேறு. தமையனை இயக்கத்தார் போருக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் தப்பி வந்துவிட்டான். தப்பியவன் என்று இயக்கத்தாரும் தேடினார்கள், அங்கிருந்து வந்தவன் என்று ஆமிக்காரரும் தேடினார்கள். தாய்தான் தோணியைக் கவிழ்த்துவிட்டா. அவன் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக் குசினியில் வேறு பெயரில் வேலை செய்கிறான். விடுதியின் பெயர், அவனுடைய புதுப்பெயர், இரண்டும் இருந்தன. கடைசி வரி இது: "எங்கள் அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தியேட்டி என்று செத்தவர்களுக்குச் செய்யும் சடங்கைச் செய்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். சோறு போட்டபோது அழவேண்டும் என்று அழுதார். அதுதான் எனக்கு மறக்க முடியாத துயரம்."

நான் கேட்டிருக்காவிட்டால் அவள் எழுதியிருக்க மாட்டாள். "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதி வந்தாள். நான்தான் உண்மையை எழுதச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து நிசாம் உள்ளே வந்தார். "அக்கா, வெளிக்கிடுவம். ஊர் எல்லைல எல்லா வாகனத்தையும் இறக்கிச் சோதிக்காங்களாம். பேப்பர் துண்டும் விடுறல்லயாம். தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆளொண்டும் அங்க இரிக்காம்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், எங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்து. நான் வதனியின் தாளை அவரிடம் நீட்டினேன். வாசித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

உங்களுக்கு இப்போது இருந்து யோசிக்க இலகுவாக இருக்கும். எங்களுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பின்னேரத்துக்குப் பிறகு பாதை மூடிவிடும். படிவங்களை மண்டபத்தில் விட்டுவிட்டுப் போனால் யார் கையில் அகப்படும் என்று தெரியாது. முற்றத்தில் போட்டு எரித்தால் கடற்படை முகாமின் முள்ளுக்கம்பிக்குப் பக்கத்தில் புகை கிளம்பும், அடுத்த நிமிடம் ஆள் வந்து நிற்கும். கடலில் போட்டால் மிதக்கும். கொண்டுபோனால் வாசிப்பார்கள். வதனியின் தாளை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். அப்படிச் செய்தால் என் நெஞ்சு ஆறிவிடும். மற்ற எழுபத்திரண்டு பேரும் யாருடைய பிள்ளைகள்?

"ரெண்டாம் தாள் எல்லாத்தையும் கிழி" என்றேன்.

"கையெழுத்தும் அதிலதானே அக்கா இரிக்கு. கொழும்பில எடுக்கமாட்டாங்க. உங்கட வேலையும் போகும்."

"போகட்டும். கிழி."

இருவரும் நிலத்தில் இருந்து கிழித்தோம். தாள் கட்டைச் சேலை மடியில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். விறகு அடுப்பில் பெரிய கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்த ஒரே இடம் அது, ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மங்களம் அக்கா அடுப்படியில் குந்தியிருந்தா. வதனி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தாளை அவள் கையிலேயே கொடுத்தேன். "இதைக் கேட்டது என்ர பிழை, பிள்ளை. என்னை மன்னிச்சுக்கொள்ளும். நான் வாசிச்சிட்டன், அதையும் சொல்லவேணும்."

வதனி தாயைப் பார்த்தாள். மங்களம் அக்கா எழும்பி வந்து தாளை வாங்கினா. அவவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் மகனின் பெயரைக் கண்டுகொண்டா. மகளுக்கு அடிப்பா என்று நினைத்தேன், இல்லாவிட்டால் எனக்கு. அவ தாளை நாலாக மடித்து அடுப்புக்குள் வைத்து, அது கருகி முடியும்வரை ஊதுகுழலால் ஊதினா. பிறகு என் மடியைக் காட்டி, "அதுகளும் இதுதானோ?" என்று கேட்டா.

"ஓம் அக்கா."

"தாங்கோ. ஒரேயடியாப் போட்டா அணைஞ்சிடும். ஒவ்வொண்டாப் போடவேணும்."

எழுபத்து மூன்று தாளையும் அவதான் போட்டா. மீன் கூடையில் ஐஸ் அடுக்குகிற அதே கவனத்தோடு, ஒன்று எரிந்து முடிய அடுத்தது. மேலே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எல்லாம் முடிந்தபிறகு சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டு, கேத்திலில் கொதித்த தண்ணீரில் நாலு பேருக்கும் சாயத் தேத்தண்ணி போட்டா.

"சீனி முடிஞ்சுது மிஸ். வெறும் சாயம்தான்" என்று கோப்பையை நீட்டினா. நின்றபடி குடித்தோம். கசந்தது.

ஊர் எல்லையில் எங்களை இறக்கினார்கள். சேர்ட்டும் செருப்புமாக நின்ற ஒருவர் படிவக் கட்டை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல தமிழ் வாசிப்பு. பத்தாவது படிவத்தில் நிறுத்தி மூலையைத் தடவினார். அப்போதுதான் நானும் கண்டேன். கம்பி அடித்த இடத்தில், கிழிந்த இரண்டாம் தாளின் சின்ன முக்கோணத் துண்டு ஒவ்வொரு படிவத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபத்து மூன்று முக்கோணம்! பெரிய கெட்டிக்காரி மாதிரி எல்லாவற்றையும் எரித்துவிட்டு, எரித்ததற்கு அத்தாட்சியைக் கம்பி அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

"ரெண்டாம் பக்கம் எங்க?"

"எரிச்சிட்டம், ஐயா."

"ஏன்?"

"பிள்ளையளைப் பற்றி எழுதினது எல்லாம் அதிலதான் இருந்தது. ஆர் நல்லம், ஆர் கூடாது எண்டு வெளியில தெரிஞ்சா ஊரில சண்டைதான் வரும். நான் இந்த ஊர்க்காரி. எனக்கு இஞ்ச சொந்தக்காரர் இருக்கினம்."

"எங்க எரிச்சது?"

"குசினி அடுப்பில. தேத்தண்ணி வைச்சுக் குடிச்சம்."

அவர் அதை நான் புள்ளி போட்ட தாள் என்று விளங்கிக்கொள்ளட்டும்; ஒரு சொல்லும் பொய் இல்லை, கவனித்தீர்களா? நெருக்கடியில் புதிதாக ஒன்றைக் கட்டிச் சொல்லப் போனால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்துக் கட்டவேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம்.

அவர் என்னை நம்பவில்லை. "பாட்டுத்தானே எடுத்தது? காட்டுங்கோ பாப்பம்" என்றார். நிசாம் ஒரு பதற்றமும் இல்லாமல் கமராவின் சின்னத் திரையைத் திறந்து ஓடவிட்டார். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாரோ தெரியாது, வதனி பாடிய இடம்தான் வந்தது. நாலாவது வரி. வெடிச்சத்தம். பக்கத்தில் நின்ற சிப்பாய்ப் பையன் எட்டிப்பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

"எங்கட வெடிதானே அது எண்டு கேக்கிறான்" என்றார் அந்த மனுஷன்.

"ஓம் ஐயா. உங்கட வெடிதான்."

"பிள்ளை நிப்பாட்டேல்லையே!"

"இல்லை. நாங்கள்தான் பயந்தது."

சிப்பாய் இன்னொரு தரம் போடச் சொன்னான். இரண்டு பேரும் குனிந்து நின்று கேட்டார்கள். பிறகு அந்த மனுஷன் படிவங்களைத் தட்டி ஒழுங்காக்கி என் கையில் தந்து, "இந்தப் பிள்ளை வெல்லுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். போகச் சொன்னார். வான் புறப்பட்டு அரை மணித்தியாலம் நான் அந்த முக்கோணங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிசாம் சொன்னார், "அக்கா, அடுத்த முறை கம்பியையும் கழட்டுங்க." சிரிக்கத் தொடங்கியவள் அழுதுதான் முடித்தேன்.

அடுத்த நாள் காலை தயாரிப்பாளரின் அறை. மனுஷன் குதித்தார். "எழுபத்து மூண்டு பேரின்ர கதையையும் எரிச்சிட்டீங்களா? அதுதானக்கா நிகழ்ச்சியே! பாட்டு எல்லா இடத்திலயும் இருக்கு!"

"தம்பி, இந்த நிகழ்ச்சி முடிய உங்களுக்கு அடுத்த நிகழ்ச்சி வரும். அதுகளுக்கு அதே வீடு, அதே சந்தி, அதே ஆமிச் சென்ரி. நீங்கள் கேட்ட கேள்வியோட அதுகள் அங்க இருக்கேலாது."

"அப்பிடி என்னத்தை எழுதிச்சினம்?"

"மறந்துபோச்சு."

வேலையை விட்டு நிற்பாட்டுவேன் என்றார். நிற்பாட்டுங்கள், முதலில் ஏழு பேரின் பாட்டையும் கேளுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார். வதனியின் பாட்டில் வெடி வந்தபோது அவரும் என்னைப்போலவே கதிரையில் துள்ளினார். பிறகு கையெழுத்தைக் கொழும்புக்கு வந்து வைக்கச் சொல்லி ஏழு பேருக்கும் கடிதம் அடிக்கச் சொன்னார். அந்த மனுஷனும் கெட்டவர் இல்லை. எங்களைப்போலத்தான், யோசிக்காமல் கேட்டவர். அதற்குப் பிறகு போர் முடியும்வரை எங்கள் படிவத்தில் எட்டுக் கேள்விதான் இருந்தது. என் ஊரில் என் கையில் படிவம் வாங்கி நிரப்பிய ஒருவரும் அந்தப் படிவத்தால் ஒன்றையும் இழக்கவில்லை. கிண்ணம் உங்களிடம் இருக்கட்டும் பிள்ளைகளே, எனக்கு இது போதும்.

வதனி கடிதத்தைக் காட்டிக் காட்டிச் சாவடிகளைத் தாண்டித் தாயோடு கொழும்புக்கு வந்தாள். மேடை, வெளிச்சம், நேரடி ஒளிபரப்பு. துயரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம் என்று நான் அறிவிப்பாளரிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தேன். பாட்டு முடிந்து கைதட்டல் ஓயாமல் இருக்க, அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மைக்கை அவளுக்குப் பக்கத்தில் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "வதனி, திருகோணமலையிலிருந்து எவ்வளவோ கஷ்டத்துக்குள்ளால வந்திருக்கிறீங்கள். உங்களால மறக்கவே ஏலாத துயரம் ஒண்டை எங்களோட பகிர்ந்துகொள்ளுங்கோ" என்றார்.

நான் மேடையின் ஓரத்தில் நின்றேன். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உண்மையை எழுதும் என்று ஒருநாள் நான் மிரட்டிய பிள்ளை. அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஒருநாள் ஒரு தேத்தண்ணி குடிச்சனான், அண்ணா. அதுக்குச் சீனி இல்லை. அதை மட்டும் இன்னும் மறக்கேலாமல் இருக்கு."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. அறிவிப்பாளரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அந்த மேடையில் வேறொரு பரிசும் தேவைப்படவில்லை.

மூன்றாம் சுற்றில் வாக்குக் காணாமல் அவள் விடுபட்டாள். ஊருக்குப் போன மறுநாள் மங்களம் அக்கா ஒரு கடையிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தா. அந்த நாட்களில் தொலைபேசியில் ஒருவரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை தோற்றுப்போனதில் கவலையா என்று கேட்டேன்.

"அதில என்ன கவலை, மிஸ்? அண்டைக்கு அவள் பாடேக்க வீட்டில எல்லாரும் பாத்தவையாம்." அன்று தாயும் மகளும் என்னோடு கொழும்பில் நின்றார்கள், அந்த வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னா. "எல்லாரும்."